தரவுக் குழுவில் ஒரு சாதாரணக் குடிமகளுக்கு என்ன வேலை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்கும் வெளி நிறுவனங்களுக்கும் எந்த நிபந்தனையில் வழங்கலாம் என்று தீர்மானிக்க, எங்கள் பகுதியின் பொது சுகாதாரத் துறை ஒரு குழுவை அமைத்திருக்கிறது. மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் வழக்கறிஞர்களும் உள்ள அந்தக் குழுவில், பொதுமக்கள் சார்பில் ஒரே உறுப்பினராக என்னை அழைத்தார்கள். முதல் கூட்டத்தில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை; வாய் திறக்காமலே திரும்பிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே இடம் உண்டா? அல்லது, மக்களையும் கேட்டோம் என்று கணக்குக் காட்டத்தான் அழைக்கிறார்களா? செய்தி அறிந்த தெரிந்தவர்கள், "எங்கள் நோய் விவரத்தை யாருக்கோ தூக்கிக் கொடுக்க நீங்களா கையெழுத்துப் போடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புரியவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். பொது உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும், பதிவுகளைக் கேட்டு வரும் விண்ணப்பத்தைத் துறைசார்ந்தவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய மொழியில் உங்கள் முன் வைத்தது குழுவின் அலுவலகத்தின் குறை. அடுத்த கூட்டத்துக்கு முன்பே தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும் என்று கேளுங்கள். யார் கேட்கிறார்கள், எந்தப் பதிவுகளைக் கேட்கிறார்கள், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, முடிவில் யாருக்கு என்ன நன்மை என்பவை அதில் இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் சொல்ல முடியாத விண்ணப்பதாரர், தாம் செய்யப்போவதைத் தாமே இன்னும் தெளிவாக எண்ணிப் பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

அந்த விண்ணப்பங்களுக்குள் இரண்டு வகைக் கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பதிவுகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் போதுமானதா, ஆய்வு முறை சரியா, சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பவை ஒரு வகை. இவற்றுக்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும், அவை உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். மனிதர்கள் தம் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் நம்பிச் சொன்ன செய்தியை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது தகுமா, அதனால் யாருக்காவது அவமானமோ இழப்போ நேருமா, தம் பதிவு இப்படிப் போகிறது என்று அறிந்தால் அவர்கள் ஏற்பார்களா, அதிர்ந்து போவார்களா என்பவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்குப் பட்டம் கிடையாது. இவற்றுக்குப் பதில் சொல்லும்போது புள்ளியியல் பேராசிரியரும் ஒரு குடிமகனாகத்தான் பேசுகிறார். அவருடைய சொல்லுக்கு உங்கள் சொல்லைவிடக் கூடுதல் எடை எதுவும் இல்லை. நீங்கள் அங்கே இருப்பது இந்தக் கேள்விகளுக்காக. பெரும் தவறுகள் பலவும் இந்தக் கேள்விகளை யாரும் கேட்காத இடத்திலேயே நடந்திருக்கின்றன.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். தங்கள் சமூகத்தை வாட்டிய நீரிழிவு நோய்க்கு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் இரத்த மாதிரி கொடுத்தார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் மணம் பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தார்கள் என்பது பற்றியும் நடந்த ஆய்வுகளுக்குப் பயன்பட்ட செய்தி 2003இல்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தம் குலம் தோன்றியது என்பது அவர்களின் நம்பிக்கை. அதையே மறுக்கும் ஆய்வுக்குத் தம் இரத்தம் பயன்பட்டது அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. ஒப்புதல் படிவத்தில் நடத்தை, மருத்துவக் கோளாறுகள் என்று பரந்த சொற்கள் இருந்தன. எனவே காகிதத்தில் ஒரு சமாதானம் சொல்ல இடம் இருந்தது. ஆனாலும் வழக்கு நீண்டு, 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பி ஒப்படைத்தது.

அந்த ஆய்வுகளைத் திட்டமிட்டபோது அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அதே மேசையில் அமர்ந்திருந்தால், "இதற்காகவா நாங்கள் கொடுத்தோம்?" என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க மரபணுவியல் தெரிய வேண்டியதில்லை. எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கும் இப்போது கேட்கப்படும் நோக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முதலில் பாருங்கள். தூரம் கூடக் கூட, மக்களிடம் மீண்டும் கேட்க வேண்டிய கடமையும் கூடுகிறது.

இத்தகைய இடம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் குடும்பத்தைச் சொல்லலாம். 1951இல் அவருடைய புற்றுக்கட்டியிலிருந்து அவர் அறியாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. 2013இல் அந்த உயிரணுக்களின் முழு மரபணு வரிசையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. தம் சொந்த மரபின் இரகசியமும் அதனுள் அடங்கியிருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அவர்களுடன் உடன்பாடு செய்துகொண்டன. அந்தத் தரவைக் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தார் இருவருக்கு இடம் கொடுக்கப்பட்டது. வேல்ஸ் நாட்டில் சுவான்சி பல்கலைக்கழகத்தில் இயங்கும், சுகாதாரப் பதிவுகளை ஆய்வுக்காகத் திரட்டி வைக்கும் செயில் தரவு வங்கியிலும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் பொதுமக்கள் அமர்கிறார்கள். உலக மருத்துவச் சங்கம் 2016இல் தைபே நகரில் ஏற்ற பிரகடனமும், சுகாதாரத் தரவுத்தளங்களை நிர்வகிப்பதில் தனிமனிதர்களும் அவர்களுடைய சமூகங்களும் பங்கு பெற வேண்டும் என்று கூறுகிறது.

கணக்குக் காட்டத்தானா என்ற உங்கள் ஐயம் இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. உங்களை எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முடிவெடுத்த பிறகு கேட்பதற்குப் பெயர் அறிவிப்பு. முடிவு மாறக்கூடிய நிலையில் கேட்டால்தான் அது ஆலோசனை.

இங்கிலாந்தின் கேர்.டேட்டா திட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். குடும்ப மருத்துவர்களிடம் உள்ள நோயாளிப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டி, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் பயன்படுத்துவது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை காண நான் விரும்பவில்லை, நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்து முடித்தபின், 2014 தொடக்கத்தில், வீடுதோறும் ஒரு துண்டறிக்கை அனுப்பினார்கள். திட்டத்தின் பெயரே அதில் இல்லை. விலக விரும்புவோர் நிரப்பி அனுப்பப் படிவமும் இல்லை. அப்படி ஒன்று வந்ததே தெரியாது என்று பலர் சொன்னார்கள். அதே வாரங்களில், முன்பு திரட்டிய மருத்துவமனைப் பதிவுகள் காப்பீட்டுத் துறை சார்ந்த ஓர் அமைப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்த செய்தியும் வெளியாயிற்று. மருத்துவர்களே எதிர்த்தார்கள். பிப்ரவரியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2016 ஜூலையில் கைவிடப்பட்டது.

அதைவிட வேதனை தருவது அதன்பின் நடந்தது. 2021இல் ஏறத்தாழ அதே நோக்கத்தோடு மற்றொரு திட்டத்தை, சில வார அவகாசம் மட்டும் கொடுத்து, அதே நாட்டில் அறிவித்தார்கள். செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் பதிவுகளைப் பகிர வேண்டாம் என்று பதிவு செய்துகொண்டார்கள். திட்டம் காலவரையின்றி நின்றது. விலகியவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அவ்வளவு பேர் ஒருசேர விலகும்போது எஞ்சும் பதிவுகள் மக்கள்தொகையின் உண்மை நிலையைக் காட்டாமல் போகக்கூடும். விலகியவர்கள் ஒரு குறிப்பிட்ட வயதினராகவோ வகுப்பினராகவோ இருந்துவிட்டால், அவர்களுக்கு ஏற்படும் மருந்தின் பக்கவிளைவு கணக்கிலேயே வராது. முன்கூட்டிக் கேட்கச் செலவாகும் சில மாதங்களை மிச்சப்படுத்தப்போய், பல ஆண்டுகளின் நம்பிக்கையை இழந்தார்கள்.

ஆகவே உங்கள் குழுவைப் பற்றி நீங்கள் கவனிக்க வேண்டியவை எளியவை. விண்ணப்பம் உங்களிடம் வரும்போது ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? உங்கள் மறுப்பு கூட்டக் குறிப்பில் உங்கள் பெயருடன் பதிவாகிறதா, அல்லது "விவாதிக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறதா? நீங்கள் எழுப்பிய கேள்விக்கு எழுத்தில் பதில் வருகிறதா? குழு இதுவரை ஒரு விண்ணப்பத்தையாவது திருப்பி அனுப்பியிருக்கிறதா, நிபந்தனை சேர்த்திருக்கிறதா? எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே வந்த குழுவாக இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் நேரத்துக்கும் பயணத்துக்கும் மதிப்பூதியம் கொடுக்கிறார்களா என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால், ஓய்வூதியம் பெறும் உங்களைப் போன்றவர்கள் வரலாம்; நாட்கூலிக்குப் போகும் ஒருவர் ஒருபோதும் வரமாட்டார்.

ஒரே ஒரு பொது உறுப்பினர் என்ற ஏற்பாட்டையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தனியாக அமர்ந்திருப்பவர் எவ்வளவு துணிவுள்ளவராக இருந்தாலும், ஏழெட்டு நிபுணர்களின் தலையசைப்புக்கு நடுவே மௌனமாகிவிடுவது இயல்பு. உங்களுக்கும் அதுதான் நேர்ந்தது. குறைந்தது இருவர் வேண்டும், மூவர் இருந்தால் நல்லது. அவர்களில் ஒருவராவது, வெளியே தெரிந்தால் வாழ்க்கையே குலையக்கூடிய நோயோடு வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எச்.ஐ.வி. தொற்று, காசநோய், மனநோய், கருக்கலைப்பு ஆகியவை பற்றிய பதிவுகள் கசிந்தால் என்ன ஆகும் என்பதை, சர்க்கரை அளவை மட்டும் சோதித்துக்கொள்ளும் ஒருவர் முழுமையாக உணர முடியாது. உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை; இருந்தாலும் அவர்களுக்காக நீங்கள் பேசுவதும், அவர்கள் தாமே பேசுவதும் ஒன்றாகிவிடாது.

விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பொது உறுப்பினர்கள் மூன்று பேர் போதும். ஆனால் வணிக நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்பதா, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ள வழி செய்தால் போதுமா என்பவை போன்ற அடிப்படைக் கொள்கைகளை அந்த மூன்று பேர் தலையில் சுமத்தக் கூடாது. அவற்றுக்குக் குடிமக்கள் நடுவர் குழு என்ற முறை இருக்கிறது. வயது, பால், கல்வி, பின்னணி ஆகியவற்றில் மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி ஒரு சிறு குழுவைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் கொடுத்து, சில நாட்கள் அமர்த்தி, ஆதரவாகவும் எதிராகவும் பேசும் நிபுணர்களை அவர்கள் முன் நிறுத்தி, அவர்களே குறுக்குக் கேள்வி கேட்டு முடிவு சொல்வது அந்த முறை. 2016இல் மான்செஸ்டரில் இப்படி இரண்டு குழுக்கள், மொத்தம் 34 பேர், மூன்று நாட்கள் அமர்ந்து, நோயாளிப் பதிவுகளை ஆய்வுக்குத் தருவதில் தனிமனிதருக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். 33 பேர் ஆய்வுக்குப் பயன்படுத்துவதை ஆதரித்தார்கள். அவர்களில் 24 பேர் விலகும் உரிமை வேண்டும் என்றார்கள்; 6 பேர் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்றார்கள்; 3 பேர் ஒப்புதல் நடைமுறையே தேவையில்லை என்றார்கள். மக்களுக்கு இது புரியாது, கேட்டால் எல்லாவற்றுக்கும் மறுப்புத்தான் வரும் என்று சொல்லும் அதிகாரிகளுக்கு இந்த எண்களைக் காட்டலாம். விவரம் தெரிந்து, நேரமும் கிடைத்து, தம் முடிவுக்கு மதிப்பு உண்டு என்ற உறுதியும் இருந்தால், மக்கள் நிதானமாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள். உங்கள் துறை இப்படி ஒரு குழுவைக் கூட்ட வேண்டும் என்று முன்மொழிய உங்களைவிடப் பொருத்தமானவர் அந்த அறையில் இல்லை.

தொழில்நுட்பம் பற்றிய ஒன்றை மட்டும் நீங்களே தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் கூட்டத்தில் உங்கள் வாயை அடைக்க அது அடிக்கடி பயன்படும். "பெயரை நீக்கித்தானே கொடுக்கிறோம், பிறகென்ன?" என்பார்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லதன்யா சுவீனி, 20 டாலர் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டு, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவு எது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மூன்று விவரங்களும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்றும் அவர் பின்னர் கணக்கிட்டார். ஆகவே பெயர் நீக்கம் பாதுகாப்பின் முதல் படி மட்டுமே. முழுப் பிறந்த தேதி உண்மையிலேயே தேவையா, பிறந்த ஆண்டு போதாதா? தெரு அளவில் வேண்டுமா, மாவட்ட அளவு போதாதா? ஓரிருவர் மட்டுமே உள்ள அரிய நோய்களின் எண்ணிக்கையை வெளியிடாமல் மறைக்கிறார்களா? இவற்றை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தரவு வெளியே போகிறதா, ஆய்வாளர் உள்ளே வருகிறாரா என்று கேளுங்கள். கோப்பை நகலெடுத்து ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டால் அதன்பின் அதன் மீது உங்கள் குழுவுக்கு எந்தப் பிடியும் இல்லை. இங்கிலாந்தில் 2020இல் கோவிட் காலத்தில் உருவான ஓப்பன்சேஃப்லி என்ற அமைப்பில் பதிவுகள் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஆய்வாளர் தம் கணக்கீட்டுக்கான கணினி நிரலை அனுப்புகிறார். அது உள்ளே இயங்கி, தொகுத்த முடிவுகள் மட்டும் சரிபார்த்தபின் வெளியே வருகின்றன. யார் எந்த நிரலை இயக்கினார் என்பது பொதுவில் பதிவாகிறது. பெருந்தொற்றுக் காலத்தின் மூன்று தரவுத் திட்டங்களை 2021இல் குடிமக்கள் நடுவர் குழுக்கள் ஒப்பிட்டபோது, இதற்கே அதிக ஆதரவு கிடைத்தது. ஒளிவுமறைவின்மையும் பாதுகாப்பும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தன.

வணிக நிறுவனம் என்றாலே மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தும் பரிசோதனைக் கருவியும் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. கிடைக்கும் பயன் எப்படித் திரும்ப வரும், கண்டுபிடித்ததை வெளியிடுவார்களா, மூன்றாம் நபருக்குக் கைமாற்றத் தடை உண்டா, காப்பீட்டுக் கட்டணத்தைக் கூட்டவோ வேலை மறுக்கவோ பயன்படாது என்பதற்கு ஒப்பந்தத்தில் என்ன உறுதி, மீறினால் என்ன தண்டனை என்று கேளுங்கள். விளம்பரத்துக்கோ காப்பீட்டு மதிப்பீட்டுக்கோ என்றால் என் கருத்து தெளிவானது: கொடுக்கக் கூடாது.

இனி உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டியது. அவர்களுடைய அச்சத்தைத் தவறு என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன நிகழ்ச்சிகள் எல்லாம் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு என்றே காட்டுகின்றன. அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பீதி பரவியபோது, டென்மார்க் தன் நாட்டுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்து, 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளை ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று 2002இல் காட்டியது. எத்தனையோ பெற்றோரின் கலக்கத்துக்கு அந்தப் பதிவுகள் பதில் சொல்லின. பதிவுகளைப் பூட்டியே வைத்திருந்தால் யாருக்கும் தீங்கில்லை என்று தோன்றும். ஆனால் கண்டறியாமல் விடப்பட்ட பக்கவிளைவும், எந்தப் பகுதியில் குழந்தைகள் அதிகம் இறக்கின்றன என்று தெரியாமல் போவதும் தீங்குகளே.

உங்கள் கையெழுத்தைப் பற்றிக் கேட்டால், தனியாக ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதையும், அவர்கள் கேட்க விரும்பும் கேள்வியைக் கூட்டத்தில் கேட்கும் இடம் உங்களுக்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளை அவர்களிடமிருந்தே எழுதி வாங்குங்கள். எந்த விண்ணப்பத்தைப் பற்றி வெளியே பேசலாம், எது இரகசியம் என்பதைத் தலைவரிடம் முன்பே எழுத்தில் தெளிவுபடுத்திக்கொண்டு, பேசக்கூடியவற்றுக்கான பதில்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். ஏற்கப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியலை, நோக்கத்தோடும் பெறுபவரின் பெயரோடும், எவரும் பார்க்கும்படி துறை வெளியிட வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே முன்மொழியுங்கள். தொடர்ந்து சில கூட்டங்களில் உங்கள் கேள்விகளுக்குப் பதிலும் வராமல், மறுப்பும் பதிவாகாமல் போனால், காரணங்களை விரிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவி விலகுங்கள். அந்தக் கடிதத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கும்படி கேட்டு, சேர்த்ததற்கான ஒப்புகையையும் பெற்றுக்கொள்ளுங்கள்.